முரசுக்கு ஒரு மண்டலம் விடுப்பு

கொன்றைக்கோட்டை ராஜாவுக்குத் தம் பள்ளிக்கூடத்தின் மேல் பெருமை அதிகம். அதனால்தான் ஆறு வருஷமாக அதை எட்டிப் பார்க்கவில்லை. ஒரு நாள் போனார். சேனாபதி மார்த்தாண்டரும், சபையில் சாதுர்யத்துக்குப் பேர் போன குழைக்காதரும் கூடப் போனார்கள்.

வடிவு என்ற எட்டு வயதுச் சிறுமி கையில் ஓலையைப் பிடித்துக்கொண்டு, அன்னத்தையும் தாமரையையும் பற்றிய பாட்டு ஒன்றைக் கணீரென்று படித்தாள். ராஜா மகிழ்ந்துபோய், பாதியில் ஓலையை வாங்கிப் பார்த்தார். படிப்பு நிற்கவில்லை. வெறுங்கையைப் பார்த்தே மீதியையும் படித்து முடித்தாள். ராஜா வேறொரு ஓலையைக் கொடுத்தார். அதிலும் அன்னமும் தாமரையும் வந்தன.

மற்ற இருபத்தொன்பது பிள்ளைகளும் அப்படியே.

“என் யானைகளுக்குக் கொட்டில் போதவில்லை, மகாராஜா. இந்தக் கட்டடம் சரியாக இருக்கும்” என்றார் சேனாபதி. “யானைக்காவது எதிரே இருப்பது கரும்பா கட்டையா என்று தெரியும்.”

வாத்தியார் அம்பலவாணர் தம் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நிற்பைப் பார்க்கக் குழைக்காதருக்குப் பொறுக்கவில்லை. “ஒரு மண்டலம் தவணை கொடுங்கள், மகாராஜா” என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் யோசித்தார்.

“கொடுத்தேன். நாற்பத்தெட்டு நாள்” என்றார் ராஜா. “இதுவரை கண்ணால் காணாத ஓலையைப் பிள்ளைகள் படிக்க வேண்டும். ஊர் ஜனங்கள் தாமாகவே பள்ளிக்கு வர வேண்டும். உத்தரவு போடக் கூடாது. அடிக்கக் கூடாது. சோறு போட்டும் ஆள் சேர்க்கக் கூடாது. முடியாவிட்டால் இது யானைக் கொட்டில். நீரும் வாத்தியாரும் யானைச் சாணம் அள்ள வேண்டியது.”

ராஜா போனதும் அம்பலவாணர் வாயைத் திறந்தார். “வீடு வீடாப் போய்க் கூப்பிட்டுப் பார்த்தாச்சு, ஐயா. ‘அதுக்குத்தானே உம்மை வச்சிருக்கு’ன்னு சொல்லிக் கதவைச் சாத்துறாங்க.”

வெளியே முரசுச் சத்தம் கேட்டது. ஏரித் தண்ணீர் இன்று எந்த வயலுக்கு, எத்தனை நாழிகை என்று முரசறையும் மாடன் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனான். தினமும் காலையில் சொல்வான். அதைக் கேட்காமல் ஊரில் யாரும் மண்வெட்டியைத் தொடுவதில்லை.

குழைக்காதர் அவனை நிறுத்தினார். “மாடா, உன் மகளுக்குக் குழந்தை பிறந்ததாமே?”

“ஆமாஞ் சாமி, பேரன். எங்கே போய்ப் பாக்குறது? பதினோரு வருஷமா ஒரு நாள் ஓய்வு இல்லே.”

“போய்ப் பார்த்துட்டு வா. ஒரு மண்டலம் இரு.”

மறுநாள் முரசு இல்லை. விடிந்து வெகுநேரம் ஊர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பிறகு குழைக்காதர் வீட்டுக்கு வந்து கத்தியது.

“மாடன் எங்கேய்யா?”

“பேரனைப் பார்க்கப் போயிருக்கான்.”

“தண்ணி முறை?”

“எழுதிப் பள்ளிக்கூட வாசல்லே கட்டியிருக்கு.”

“எனக்குப் படிக்கத் தெரியாதே!”

“அதனாலென்ன? உங்க பிள்ளைங்க அங்கேதானே வருஷக்கணக்காப் படிக்குது.”

வடிவின் அப்பன் பெரியாண்டி மகளிடம் ஓலையைக் காட்டினான். அவள் தயங்காமல் படித்தாள். மறுநாள் அவன் வரப்புச் சேற்றோடு பள்ளிக்குள் நுழைந்தான்.

“வாத்தியாரே, அன்னமும் தாமரையும் வந்துச்சு. என் வயலைக் காணோமே! பக்கத்து வயக்காரன் என் தண்ணியையும் சேர்த்துப் பாய்ச்சிட்டான்!”

“அது பாட்டு, பெரியாண்டி.”

“பாட்டை நீரே வச்சுக்கும். எழுதியிருக்கிறதைச் சொல்லிக் குடும்.”

அன்றிலிருந்து அம்பலவாணர் பாட்டை நிறுத்திவிட்டு எழுத்தைத் தொடங்கினார். பெற்றவர்களும் விடவில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளை படித்ததை நம்பித் தன் வயலுக்கு மடை திறக்க ஊரில் யாருக்கும் மனம் வரவில்லை. அவரவர் பிள்ளையே படிக்க வேண்டும். ஆகவே ஒரே ஓலையை முப்பது பிள்ளைகளும் முப்பது தடவை படித்தார்கள். பெற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து, பிள்ளையின் விரல் எந்த எழுத்தில் நிற்கிறது என்று உற்றுப் பார்த்தார்கள். பார்த்துப் பார்த்து நாலைந்து எழுத்து அவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது.

ஒரு நாள் நாச்சி என்ற தனிக்கட்டை, “இதிலே என் பேரு எங்கே இருக்கு?” என்று கேட்டாள். வடிவு காட்டினாள். அந்த மூன்று எழுத்தின் மேல் நாச்சி விரலை வைத்தாள். மழைத்துளி இலையில் நிற்பதுபோல அந்த விரல் வெகுநேரம் அங்கேயே நின்றது. தண்ணீர் எத்தனை நாழிகை என்று கேட்க அவள் மறந்தே போனாள்.

நாற்பத்தெட்டாம் நாள் ராஜா வந்தார். பள்ளிக்குள் கால் வைக்க இடமில்லை.

“உத்தரவு போட்டீரா?”

“இல்லை, மகாராஜா. ஒருவனுக்கு விடுப்புக் கொடுத்தேன்.”

“சோறு?”

“அவர்கள்தான் எனக்குக் கூழ் கொடுத்தார்கள்.”

சேனாபதி மடியிலிருந்து ஓர் ஓலையை எடுத்தார். “இது காலையில் எழுதியது. என் ஆட்களைத் தவிர யாரும் கண்டதில்லை. இதைப் படிக்கட்டும்” என்றார். வாசலில் இரண்டு யானைகளையும் தயாராக நிறுத்தியிருந்தார்.

வடிவு எழுத்து எழுத்தாக, அவசரமில்லாமல் படித்தாள்:

“இந்தப் பள்ளியில்... ஓலை படிக்கத் தெரிந்த பிள்ளை... ஒன்றுகூட இல்லை என்பதை... ராஜாவே நேரில் கண்டறிந்தபடியால்... இன்று முதல் இது யானைக் கொட்டில்.”

ராஜா சேனாபதியின் பக்கம் திரும்பினார்.

“சரியாகப் படித்தாளா?” என்று ராஜா கேட்டார்.

சேனாபதி இப்படியும் அப்படியும் பார்த்தார். “எழுத்துக்கு எழுத்து சரிதான், மகாராஜா.”

அப்போது பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்தான். “அவ படிச்சதை எப்படி நம்புறது? எம் பையன் படிக்கட்டும்.”

பையன் படித்தான். பள்ளியில் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்றுகூட இல்லை. அடுத்தவள் தன் மகளை முன்னே தள்ளினாள். அவளும் அதையே படித்தாள். ஏழாவது பிள்ளை வரும்போது ராஜா தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆனாலும் ஊர் விடவில்லை. முப்பதையும் கேட்டுவிட்டுத்தான் அவர் வெளியே வர முடிந்தது.

“குழைக்காதரே, என்ன வேண்டும், கேளும்” என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

“மாடன் நாளைக்குத் திரும்புகிறான், மகாராஜா” என்றார் குழைக்காதர். “அவனுக்கு இன்னொரு மகள் இருக்கிறாளாம். அவளுக்கும் ஒரு குழந்தை பிறக்கும்வரை அவன் அங்கேயே இருக்கட்டும்.”