பரிசலில் எந்தப் பக்கம் உட்காருவது?

முன்னொரு காலத்தில், ஆற்றோரத்துச் சின்ன நாடொன்றில், அரசவை விகடகவி பூவாண்டிக்கே பதில் தெரியாத கேள்வி ஒன்று எழுந்தது.

வடக்கே பெரிய அரசு. தெற்கே அதைவிட மெலிந்த அரசு. "என்னோடு சேர்ந்து தெற்கைத் தாக்கு" என்று வடக்கு அரசன் தூது அனுப்பியிருந்தான். பூவாண்டியின் ஒரே மகள் செங்கமலம் வாழ்க்கைப்பட்டிருந்தது தெற்கே. தலைப்பிரசவத்துக்கு அவளை அழைத்துவர வேண்டிய நேரம்.

"மன்னா, நம் படை ஒரு கைப்பிடி. அது எந்தப் பக்கம் போனால் என்ன ஆகிவிடும்? வலியவரோடு ஒட்டிக்கொள்வதே பாதுகாப்பு" என்றார் சேனாபதி வில்லவராயர்.

மன்னர் பூவாண்டியைப் பார்த்தார். அவன் தெற்குத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மகள் பாசம் நாக்கைக் கட்டிவிட்டது போலும்!" என்று சிரித்தார் சேனாபதி.

தூதருக்கு நடு ஆற்று மணல்திட்டில் மறுமொழி சொல்வது அந்நாட்டு வழக்கம். கரையில் பரிசல் காத்திருந்தது. மலைபோன்ற சேனாபதி முதலில் ஏறி ஓரமாக அமர்ந்ததும், பரிசல் அந்தப் பக்கமே சாய்ந்தது. பூவாண்டியின் முகம் மலர்ந்தது.

"மன்னா, சேனாபதி சொன்னபடியே செய்வோம். வலியவரோடு ஒட்டிக்கொள்ளுங்கள்" என்று மன்னரைச் சேனாபதி அருகே உட்காரவைத்துத் தானும் நெருக்கி அமர்ந்தான். தண்ணீர் உள்ளே பாய்ந்தது.

"ஐயோ, ஏன்யா எல்லாரும் என் மேலயே விழறீங்க? அந்தப் பக்கம் போங்கய்யா!" என்று அலறினார் சேனாபதி.

மன்னரும் பூவாண்டியும் எதிர்ப்பக்கம் தாவினார்கள். பரிசல் நிமிர்ந்தது.

"பார்த்தீர்களா மன்னா? நாம் இருவரும் சேர்ந்தாலும் சேனாபதியின் எடை வராது. ஆனாலும் நாம் நகர்ந்ததும் பரிசல் நிமிர்ந்துவிட்டது. தெற்கு அழிந்துபோனால் வடக்குக்கு எதிரே உட்கார ஆளிருக்காது. அடுத்து மூழ்குவது நாம்தான்."

"அப்படியானால் தெற்கோடு சேர்ந்து வடக்கை அடிக்கலாமா?"

"வேண்டாம் மன்னா. பிறகு இந்தப் பக்கம் கவிழும். பரிசல் மிதந்தால் போதும்."

நனைந்த வேட்டியைப் பிழிந்தபடி மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "பூவாண்டி, நாளைக்கே என் பல்லக்கை எடுத்துப்போய் மகளை அழைத்து வா. வழியில் போர் இருக்காது."

மணல்திட்டில் தூதரிடம் அவர் சொன்ன மறுமொழி இதுதான்: "நீங்கள் தெற்கைத் தாக்கினால் எங்கள் படை தெற்கோடு நிற்கும். தெற்கு உங்களைத் தாக்கினால் உங்களோடு நிற்கும்."

வடக்கு அரசன் கணக்குப் போட்டுப் பார்த்தான்; இருவரை ஒருசேர எதிர்ப்பது கட்டுப்படியாகவில்லை. படை நகரவில்லை. பல்லக்கு போய்த் திரும்பியது.