விரல் சுடாத பால்

அந்தக் காலத்தில் எருமை பேசும், ஈ பேசும், பறந்து வரும் தூசிக்குள்ளிருந்துகூடப் பேச்சு வரும். எல்லோரையும்விட அதிகமாகப் பேசியவர்கள் மனிதர்கள்தான். அதனால் மற்றவர்கள் சொன்னதில் பாதி அவர்கள் காதில் ஏறவே இல்லை.

மலையடிவாரத்தில் ஒரு மாட்டுப்பட்டி இருந்தது. அங்கே பால் உண்டு. தயிர் கிடையாது, மோர் கிடையாது, வெண்ணெய் கிடையாது. அப்படி ஒரு பிழைப்பை நினைத்துப் பாருங்கள்! காலையில் கறந்த பால் மாலைக்குள் நாறிப்போகும். பால் தானாகவே கெடும், குப்பையில் புழு தானாகவே பிறக்கும் என்றுதான் பட்டியில் எல்லோரும் நம்பினார்கள். மந்தைத் தலைவர் ஒச்சப்பன் அதற்கும் ஒரு படி மேலே போய், மனசு கெட்ட மாட்டின் பால்தான் முதலில் கெடும் என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்.

பட்டியில் குட்டைக்கொம்பி என்றொரு எருமை. அவள் பால்தான் எப்போதும் முதலில் கெட்டது. போதாக்குறைக்கு, கறக்கும்போது காதை ஆட்டி ஆட்டி ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். அது ஒச்சப்பனுக்குப் பிடிக்கவே இல்லை.

"வர்ற அமாவாசைக்குள்ள பால் கெடுறது நிக்கணும். இல்லாட்டி இவளைக் காட்டுக்குள்ள பத்திவிட்ருவோம்" என்று தீர்ப்புச் சொன்னார். காட்டில் புலி இருந்தது.

குட்டைக்கொம்பியைக் கறப்பவள் சிலம்பாயி. அவளுக்கு அன்று சோறு இறங்கவில்லை. எருமையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"ஏண்டி, கறக்கையில அப்படி என்னதான் முணுமுணுக்குற?"

"நானா முணுமுணுக்கேன்? பதிலு சொல்றேன் ஆத்தா! தூசிமேல ஏறிக்கிட்டு பொடியாளுக வர்றாக. 'பாலுடோய், எறங்குங்கடா!'ன்னு கூப்பாடு போடுறாக. வராதீகன்னு நான் வெரட்டுறேன். உங்க காது சின்னக் காது, அதான் உங்களுக்குக் கேக்கல."

சிலம்பாயிக்குப் புல்லரித்துப் போய்விட்டது. அப்படியானால் பால் தானாகக் கெடவில்லை! யாரோ வந்து கெடுக்கிறார்கள்! வருகிற வழியை மறித்தால்?

ஓடிப்போய் ஒச்சப்பனிடம் சொன்னாள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கண்ணுக்குத் தெரியாத ஆளு, காதுக்குக் கேக்காத பேச்சு! நல்லாருக்கு புள்ள, நல்லாருக்கு!"

"சிரிங்க மாமா. காட்டுறேன், பாருங்க" என்றாள் சிலம்பாயி.

காய்ந்த சுரைக்குடுக்கைகள் இரண்டை எடுத்தாள். ஒன்றின் கழுத்து நேராக இருந்தது. மற்றதன் கழுத்து நாரையின் கழுத்துப் போல நீண்டு, கீழே வளைந்து, மறுபடி மேலே ஏறியிருந்தது. இரண்டையும் கொதிநீரில் அலசினாள். பொங்கப் பொங்கக் காய்ச்சிய பாலை மெதுவாக இரண்டிலும் ஊற்றினாள். இரண்டுக்கும் மூடி போடவில்லை. காற்று வரட்டும், போகட்டும். தூசி மட்டும் வளைவைத் தாண்ட முடியாது.

மறுநாள் நேர்க்கழுத்துக் குடுக்கை மூக்கைத் துளைத்தது. வளைகழுத்துக் குடுக்கையின் பக்கத்தில் குட்டைக்கொம்பி காதை வைத்துக் கேட்டாள். கேட்டதும் அவளுக்குக் குதிக்காத குறை.

"ஆத்தா! வளைவுல சிக்கிக்கிட்டுக் கத்துறாக! ஒருத்தன் மேல ஒருத்தன் விழுறான்! உள்ள ஒருத்தனும் போகல!"

ஊரே கூடிவிட்டது. ஒச்சப்பன் வளைகழுத்துக் குடுக்கையைச் சாய்த்துக் கொஞ்சம் குடித்துப் பார்த்தார். இனித்தது! முகம் மாறியது, ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

"இந்தச் சுரைக்கு ஏதோ கொணம் இருக்கு" என்றார்.

"அப்படியா?" சிலம்பாயி குடுக்கையை வாங்கி, எல்லோர் முன்னாலும் அதன் வளைந்த கழுத்தை மடக்கென்று ஒடித்தாள். மறுநாள் அதே குடுக்கை, அதே பால், நாற்றம் தாங்க முடியவில்லை. பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆடினார்கள். சிலம்பாயிக்கும் ஆட வேண்டும் போல இருந்தது.

ஒச்சப்பன் தாடியைத் தடவினார். "சரி புள்ள, யாரோ வர்றாக. ஒத்துக்கிறேன். ஆனா ஊருக்கெல்லாம் வளைஞ்ச சுரைக்கு எங்க போறது? பால் கெடுறது நின்னாத்தான் குட்டைக்கொம்பி இருப்பா."

அமாவாசை நெருங்கிக்கொண்டிருந்தது. குட்டைக்கொம்பி கலயம் கலயமாகக் காதை வைத்துக் கேட்டாள். ஒரு நாள் ஒரு கலயத்தின் அருகே நின்றவள் துள்ளிவிட்டாள்.

"ஆத்தா, இவுக வேற சாதி! நாற வைக்கிறவுக இல்ல, புளிக்க வைக்கிறவுக! வந்து பாரு!"

கலயத்துக்குள் பால் வெள்ளை வெளேரென்று உறைந்து நின்றது. சிலம்பாயி விரலால் வழித்து நாக்கில் வைத்தாள். அடடா! அதுதான் உலகத்தின் முதல் தயிர். அவள் சிரித்தாள், பிறகு அழுதேவிட்டாள்.

குட்டைக்கொம்பி அந்தப் பொடியாட்களிடம் பேரம் பேசினாள். அவர்கள் சொன்னதை ஊருக்கு எடுத்துச் சொன்னாள்.

"காய்ச்சின பால்ல எங்களை மொதல்ல குடி வைங்க. நாங்க இருக்கிற எடத்துல அந்த நாத்தம் புடிச்சவுக தலைகாட்ட மாட்டாக. மறுநாளைக்கு எங்கள்ல ஒரு கரண்டி மிச்சம் வைங்க. கலயத்தை ஆட்டாதீக. அப்புறம், பாலை எறக்கி வச்சு…"

ஒச்சப்பன் அதற்குமேல் எங்கே கேட்டார்! சந்தோஷம் தலைக்கேறி, கலயத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிட்டார். ஊருக்கே தன் கையால் தயிர் கொடுக்க வேண்டும் என்று ஆசை. அடுப்பில் பெரிய பானையில் பால் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அந்தக் கொதியிலேயே அத்தனை தயிரையும் கவிழ்த்துவிட்டார்.

தொழுவத்தில் நின்ற குட்டைக்கொம்பி அலறினாள். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை.

அமாவாசை விடிந்தது. பானையைத் திறந்தால் தயிரில்லை, நாற்றம்தான். ஊர் கொதித்தது.

"எருமை ஏமாத்திருச்சு! பத்துங்கப்பா அவளை!"

கயிறோடு நாலைந்து பேர் வந்தார்கள். சிலம்பாயி குறுக்கே விழுந்து மறித்தாள். குட்டைக்கொம்பி தன் உயிருக்கு அழவில்லை.

"எத்தனை பேரு ஆத்தா! ஆறின பால்ல விடுங்கன்னு சொல்ல வந்தேன். கொதியில ஊத்திட்டாகளே! நம்பித்தானே வந்தாக!"

"கொதியில ஊத்துனதை யாரு பாத்தா?" என்று கூட்டம் கேட்டது.

எருமை காதால் கேட்டதுதான், கண்ணால் பார்க்கவில்லை. சிலம்பாயியும் பார்க்கவில்லை. தெரிந்தவர் ஒருவர்தான், அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கயிறு எருமையின் கழுத்தில் விழுந்தது.

"நிறுத்துங்கடா" என்றார் ஒச்சப்பன். கூட்டத்துக்கு முன்னால் வந்தார். "கொதியில ஊத்துனது நானு. அவுத்து விடுங்க அந்தக் கயித்தை."

பிறகு காலிக் கலயத்தைத் தேடி எடுத்தார். அடியில் ஒரு வழிப்புத் தயிர் ஒட்டியிருந்தது. சிலம்பாயி பாலைக் காய்ச்சி இறக்கினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, ஒச்சப்பன் தன் விரலைப் பாலுக்குள் விட்டார். சுரீரென்றது, இழுத்துக்கொண்டார். காத்திருந்து மறுபடி விட்டார். மறுபடியும் சுட்டது. விரல் சிவந்து கொப்பளித்தும் அவர் விடவில்லை. கடைசியில் பால் அவர் விரலை இதமாகத் தொட்டது. அப்போதுதான் அந்த வழிப்பை மெல்ல உள்ளே விட்டு மூடினார். கலயம் ஆடிவிடக் கூடாது என்று பிள்ளைகள்கூட அந்தப் பக்கம் ஓடவில்லை.

மறுநாள் தயிர் கட்டியாக, கல்லுப் போல நின்றது! ஊர் ஆர்ப்பரித்தது. குட்டைக்கொம்பிக்கு மாலை போட்டார்கள். அவள் மட்டும் கலயத்தோடு காதை ஒட்டி வெகுநேரம் நின்றாள். உள்ளே அத்தனை பேர் இருந்தும் ஒரு குரலும் வரவில்லை. சொல்வதைக் கேட்காதவர்களிடம் பேசி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டார்கள் போல.

அன்று முதல்தான் கண்ணுக்குத் தெரியாத அந்தச் சின்ன உயிர்கள் யாரிடமும் பேசுவதில்லை. நாமும் உறை ஊற்றும் முன் பாலில் விரலை விட்டுப் பார்க்கிறோம், சுடுவதானால் முதலில் நம்மையே சுடட்டும் என்று.