நாலு வரி ரிப்போர்ட்

தவசீலனுக்கு அன்னிக்கு மத்தியானம் சோறே இறங்கல.

காரணம் நஸீமா.

ரெண்டு பேரும் திருச்சில, ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில, பெனிட்டா அக்காகிட்ட எத்திக்கல் ஹேக்கிங் கத்துக்கறாங்க. அக்காவுக்கே முப்பது வயசுதான். ஒரு ஆஸ்பத்திரி அவங்களக் கூப்பிட்டு, "எங்க வெப்சைட்டுக்குள்ள எங்கல்லாம் ஓட்டை இருக்குன்னு நீங்களே பாத்து சொல்லிடுங்க"ன்னு கேட்டிருந்துச்சு. கூட ஒரே ஒரு ஸ்டூடன்ட்ட கூட்டிட்டுப் போகலாம்.

நேத்து வரைக்கும் அந்த ஸ்டூடன்ட் தான்தான்னு தவசீலன் நெனச்சிட்டு இருந்தான். அம்மாகிட்ட வேற சொல்லிட்டான்.

அக்கா சொன்ன பேரு நஸீமா.

க்ளாஸே கை தட்டுச்சு. தவசீலனும் தட்டினான், சத்தம் வராம.

"ஏய், ட்ரீட் எப்போ?"

"இருங்கப்பா, முதல்ல போய் சொதப்பாம வரேன்"னு நஸீமா சிரிச்சா. அந்த சிரிப்பப் பாத்து அவனுக்கு இன்னும் எரிஞ்சுச்சு.

எல்லாரும் டீ குடிக்க இறங்கினாங்க. தவசீலன் மட்டும் இறங்கல. இருபது நிமிஷம் கழிச்சு அக்கா டேபிள் முன்னாடி வந்து நின்னான்.

"அக்கா, ஒண்ணு கேப்பேன். கோச்சுக்கக் கூடாது."

"கேளு."

"போன டெஸ்ட்ல யாரு ஃபர்ஸ்ட்டு?"

"நீ."

"அதுக்கு முந்தினதுல?"

"அதுலயும் நீதான்."

"அப்ப அவகிட்ட அப்படி என்னக்கா இருக்கு, என்கிட்ட இல்லாதது?"

அக்கா வாயத் தொறக்கறதுக்குள்ள ஃபோன நீட்டினான். ஒரு ஸ்கிரீன்ஷாட். நஸீமாவோட ப்ராக்டிஸ் அக்கவுன்ட், அவ நோட்ஸ், எல்லாம் பப்பரப்பான்னு தெறந்து கெடக்கு.

"பாஸ்வேர்டு என்ன தெரியுமா? அவ வீட்டுப் பூனை பேரு, கூட ஸ்கூட்டி நம்பரு. நாலே நிமிஷம்க்கா! இவளப் போயி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறீங்க!"

அக்கா திட்டல.

"உள்ள இருந்ததெல்லாம் படிச்சியா?"

"ம்."

"என்ன இருந்துச்சு?"

"சும்மா... நோட்ஸுதான்."

'நெட்வொர்க் பாடம் மண்டைல ஏறல. தவசீலன்கிட்ட கேக்கணும், அவன் சூப்பரா சொல்லித் தருவான்'னு அதுல ஒரு வரி இருந்துச்சு. அத மட்டும் அவன் சொல்லல.

அக்கா ஒரு வெள்ளப் பேப்பர எடுத்துக் குடுத்தாங்க.

"ஓட்டை கண்டுபிடிச்சிருக்க. ரிப்போர்ட் எழுது."

அந்த க்ளாஸ்ல ரிப்போர்ட்னா நாலே வரி, கையாலதான் எழுதணும். ஓட்டை எங்க. யார் அனுமதி குடுத்தாங்க. உள்ள எவ்ளோ தூரம் போன. அதுக்குச் சொந்தக்காரங்களுக்கு எப்போ சொன்ன.

முதல் வரிய சர்ருனு எழுதிட்டான்.

ரெண்டாவதுல பேனா நின்னுச்சு.

"ப்ராக்டிஸ் அக்கவுன்ட்தானேக்கா..."

"அப்ப அதையே எழுது."

எழுதல. அத விட்டுட்டு மூணாவதுக்குப் போனான். 'முழுசா'ன்னு எழுதினான். நாலாவதுல திரும்ப மாட்டிக்கிட்டான்.

"அவகிட்ட இன்னும் சொல்லலக்கா. முதல்ல உங்ககிட்டதான்..."

"ஏன்?"

பேனாவ மூடி வெச்சான்.

"சொன்னா உடனே மாத்திடுவா. அப்புறம் உங்ககிட்ட காட்ட என்கிட்ட ஒண்ணும் இருக்காது."

அக்கா தலையாட்டினாங்க. பின்னாடி அலமாரியிலேர்ந்து ஒரு ஃபைல எடுத்து, பழைய பேப்பர் ஒண்ண உருவினாங்க.

"அவகிட்ட என்ன இருக்குன்னு கேட்டல்ல. இந்தா."

நஸீமா கையெழுத்து. ஏப்ரல் மாசத்துத் தேதி.

'ஓட்டை: நம்ம லேப்ல ஒரு கீபோர்டுக்கு அடியில பாஸ்வேர்டு எழுதின சீட்டு. தூசி தட்டறப்போ கண்ல பட்டுச்சு.

அனுமதி: யாரும் குடுக்கல.

எவ்ளோ தூரம்: போகல.

சொந்தக்காரங்களுக்கு: உடனே மாத்திடுங்கன்னு இன்னொரு சீட்டுல எழுதி, பேர் போடாம அதே எடத்துல வெச்சிட்டேன். மறுநாள் பாத்தா ரெண்டு சீட்டும் இல்ல.'

தவசீலன் கடைசி வரிய திரும்பப் படிச்சான்.

அந்த ரெண்டு சீட்டையும் கிழிச்சுப் போட்டது அவன்தான். எவன்டா நம்மள கலாய்க்கறான்னு ஒரு வாரம் க்ளாஸ்ல எல்லாரையும் மொறச்சான். அவசர அவசரமா தன் பாஸ்வேர்ட மாத்தினது மட்டும் யாருக்கும் தெரியாது.

கீழ டீக்கடையிலேர்ந்து நஸீமா சிரிக்கற சத்தம் கேட்டுச்சு. எல்லாரும் படியேறி வர்றாங்க.

அவன் அந்தப் பேப்பர திருப்பித் திருப்பிப் பாத்தான். பின்பக்கம் வெறுமையா இருந்துச்சு.

"அது யாரோட கீபோர்டுன்னு... எங்கயுமே எழுதலையேக்கா."

அக்கா பேப்பர வாங்கி ஃபைல்ல வெச்சாங்க.

"நானும் கேட்டுப் பாத்தேன்டா. சொல்ல மாட்டேன்னுட்டா."