விட்டுப்போன வரி

குடியிருப்பவரைக் காலி செய்யவைக்க வேண்டுமென்றால் கும்பகோணத்தில் வீட்டுக்காரர்கள் தேடிப்போவது வக்கீல் அருணகிரியைத்தான். குடியிருப்பவர் பக்கம் அவர் ஒருநாளும் நின்றதில்லை. இத்தனைக்கும் அவரே இருபத்தாறு வருஷமாக வாடகை வீட்டில் இருப்பவர்.

ஒரு காலையில் செங்கமலம் அவர் முன்னால் வந்து நின்றாள். பதினெட்டு வருஷம் அவரிடம் ஜூனியராக இருந்து தொழில் படித்தவள். கையில் டைப் அடித்த மனு.

"வாம்மா. இந்தத் தடவை யாரைக் கிளப்பப் போறே?"

"உங்களைத்தான் சார்."

சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

"வீட்டுக்காரர் கோதண்டம் வந்தாரா?"

"வந்தார் சார். மகன் குடிவர இந்த வீடு வேணுமாம். நான் மாட்டேன்னா வேற ஆள்கிட்டப் போயிடுவார். அதான் நானே எடுத்துக்கிட்டேன்."

உள்ளிருந்து அருணகிரியின் மனைவி காபியோடு வந்தாள். கண் போய் ஒன்பது வருஷம். ஒரு கை சுவரைத் தடவிக்கொண்டே வந்தது. டம்ளர் மேஜை மேல் சரியான இடத்தில் உட்கார்ந்தது.

"செங்கமலம் குரலாச்சே! புதுக் கேஸா?"

"ஆமாம்மா."

"இந்தத் தடவை யார் தலையிலயோ!" என்று சொல்லிவிட்டு, வந்த சுவரைப் பிடித்துக்கொண்டே திரும்பிப் போனாள்.

அருணகிரி மனுவைப் படித்தார். மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது.

"'இந்த ஊரில் மனுதாரருக்கு வேறு சொந்த வீடு கிடையாது'ன்னு ஒரு வரி வரணுமே. அந்த வரி எங்கே?"

"விட்டுப்போச்சு சார்."

"உனக்கா?"

செங்கமலம் தலையைக் குனிந்துகொண்டாள். "அது இல்லேன்னா மனு தள்ளுபடியாயிடும். அம்மா இந்தச் சுவரை விட்டு எங்கே சார் போவாங்க? அதோட, அந்த வரி பொய். இதே ஊர்ப் பாணாதுறையில கோதண்டத்துக்கு ஒரு வீடு பூட்டியே கிடக்கு."

அவர் சிவப்புப் பேனாவை எடுத்தார். ஓரத்தில் அந்த வரியை நிறுத்தி நிதானமாக எழுதினார். ஒரு அடித்தல் இல்லை.

"பொய்ன்னு சொல்றேனே சார்!"

"நான் இதுக்கு முன்னாடி எழுதினதெல்லாம் நிஜம்னா நினைச்சே?"

அந்த மனுக்களில் பாதியை டைப் அடித்ததே அவள்தான்.

"அப்போ எதிர்த்தாவது வாதாடுங்க சார். பூட்டின வீட்டைக் காட்டுங்க. அது பொய்ன்னு நிரூபிங்க."

மனுவை மடித்து அவள் கையில் கொடுத்தார்.

"இந்த ஊர்க் கோர்ட்டில் அதை ஒருத்தரும் நிரூபிச்சதில்லேம்மா. நான் விட்டதில்லை."