பவானியில் ஒரு நிஜ குஸ்தி

பிலவேந்திரன் வாத்தியாரிடம் சிஷ்யனாகச் சேர்ந்தபோது சென்னிமலைக்கு வாத்தியாரைவிட ஏழு வயது கூட. எடையில் இரண்டு மடங்கு என்றால் கொஞ்சம் கூட்டிச் சொன்னதாகும். ஒன்றரை மடங்கு நிச்சயம் இருப்பான். சிஷ்யன் குருவை "வாத்தியாரே" என்பான். குரு சிஷ்யனை "அண்ணே" என்பார். ராவுத்தர் குஸ்தி கம்பெனியில் இதைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

அந்தக் கம்பெனி ஊர் ஊராகப் போய்க் கொட்டகை போட்டு, நாலு இரும்புக் கம்பம் நட்டு, கயிறு கட்டி, டிக்கெட் விற்றுக் குஸ்தி காட்டும். யார் விழ வேண்டும், எத்தனையாவது ரவுண்டில், எந்தப் பிடியில் என்பதெல்லாம் மத்தியானமே பேசி முடிவாகிவிடும். ஜனங்களுக்கும் இது அரைகுறையாகத் தெரியும். தெரிந்துதான் டிக்கெட் வாங்குவார்கள், தெரிந்துதான் தொண்டை கிழியக் கத்துவார்கள். அது ஒரு சந்தோஷம், விடுங்கள்.

பிலவேந்திரன் தூத்துக்குடிக்காரர். பதினாறு வயதில் கப்பலில் மூட்டை தூக்கப் போனவர், கொழும்பில் ஒரு வெள்ளைக்காரனிடம் பிடிகளைக் கற்றுக்கொண்டார். அப்புறம் ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் என்று பதினைந்து வருஷம் கயிற்றுக்குள்ளேயே காலம் தள்ளினார். ஆளைப் பார்த்தால் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் மாதிரிதான் இருப்பார். ஆனால் ஒருத்தன் மணிக்கட்டை அவர் தொட்டால் போதும், அவன் முழங்கை எதுவரை வளையும், தோள் எந்த இடத்தில் கத்தும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். கையின் சொந்தக்காரனுக்கே தெரியாது, இவருக்குத் தெரியும்.

அதிசயம் அதுவல்ல. அவரோடு மோதினவன் எவனானாலும் மறுநாள் அந்த ஊரில் அவன்தான் பேச்சு. ஒரு சோப்ளாங்கியைக் கொண்டுவந்து எதிரே நிறுத்தினாலும், "அடேயப்பா, என்ன வீரன்யா அவன்!" என்று ஜனம் வீட்டுக்குப் போகும். போஸ்டரில் வாத்தியார் பெயர் எப்போதும் அடியில், பொடி எழுத்தில் இருக்கும். அவர் அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டார்.

சென்னிமலைக்கு இது பாதி ஆச்சரியம், பாதி எரிச்சல். அவன் நிஜப் பயில்வான். பவானிப் பக்கத்து மண் கோதாவில் உருண்டு புரண்டு, நாலு தாலுகாவில் தன்னை மல்லாத்த ஆளில்லை என்று பெயர் வாங்கியவன். மழை பொய்த்து வயிறு காய்ந்தபோதுதான் கம்பெனியில் சேர்ந்தான். அன்றைக்கு அவன் மனைவியின் அண்ணன் நாச்சிமுத்து வாசலில் நின்று சொன்னார்: "பயில்வான்னு நம்பிப் பொண்ணு குடுத்தோம். கூத்தாடியாப் போறயா? போ. இனி உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்." மூன்று வருஷமாக மிதிக்கவில்லை. அவன் மகள் காது குத்துக்குக்கூட மனுஷன் வரவில்லை. தாய்மாமன் மடி இல்லாமல் குத்தின காது அது.

அந்த மூன்று வருஷத்தில் சென்னிமலை வாத்தியாரிடம் எத்தனையோ பிடி கற்றுக்கொண்டான். ஆனால் ஒரே ஒரு கேள்வி மட்டும் அவனை அரித்துக்கொண்டே இருந்தது.

"ஏனுங்க வாத்தியாரே, நாம ரெண்டு பேரும் நெசமா மோதுனா யாருங்க ஜெயிப்பா?"

வாத்தியார் சிரிப்பார். "டீ ஆறுது, குடிங்கண்ணே" என்பார்.

அப்படியே ஓடிக்கொண்டிருந்த காலத்தில் கம்பெனி பவானிக்கே வந்து கொட்டகை போட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சென்னிமலைக்கும் பிலவேந்திரனுக்கும் குஸ்தி என்று தண்டோரா போட்டார்கள். சுற்றுவட்டாரக் கோதாக்காரர்கள் எல்லோரும் வருவதாகச் செய்தி வந்தது. நாச்சிமுத்துவும் வருகிறாராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொட்டகைக்குப் பின்னால் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள்.

"மூணாவது ரவுண்டு," என்றார் வாத்தியார். "மணி அடிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னால என்னை இடுப்புல ஏத்தி மல்லாக்கப் போட்டு அமுக்குங்க. நான் விழுதேன். உங்க ஊரு, நீங்க ஜெயிக்கிறதுதான் முறை."

"வேண்டாமுங்க."

"ஏன்?"

"இது நான் பொறண்ட மண்ணுங்க. இங்க பிச்சை வாங்கி ஜெயிக்க மாட்டேன். பேச்சு ஒண்ணும் வேண்டாம், நெசமா மோதுவோம்."

வாத்தியார் அவன் முகத்தையே பார்த்தார். "தோத்துட்டா?"

"தோத்தா மண்வெட்டி புடிக்கப் போறேன். இந்த ஊருப் பக்கம் தலை காட்ட மாட்டேனுங்க."

"ஜெயிச்சா?"

"எங்க மச்சான் எங்கூட்டுல ஒரு வாய் தண்ணி குடிப்பாரு."

சொல்லும்போது அந்தப் பெரிய உடம்புக்குக் குரல் தழுதழுத்துவிட்டது.

"சரி, நெசமாவே மோதுங்க," என்றார்.

"கை கால் ஒடஞ்சா என்னை வையக் கூடாது."

"வைய மாட்டேன்."

மணி அடித்தது. சென்னிமலை யோசிக்கவே இல்லை. முதல் நிமிஷத்திலேயே கதையை முடித்துவிடுகிற எண்ணம் அவனுக்கு. பாய்ந்து வாத்தியாரின் இடுப்பைப் பிடித்தான். பிடி கச்சிதமாக விழுந்தது. தூக்கி எறிந்தான். வாத்தியார் தலைக்கு மேலே பறந்து, அந்தக் கோடியில் தொப்பென்று விழுந்தார். ஜனம் எழுந்து நின்றுவிட்டது.

இவன் போய் அமுக்குவதற்குள் அவர் எழுந்து நின்றார்.

மறுபடி பிடித்தான், மறுபடி பறந்தார். தோளில் ஏற்றிச் சுழற்றினான், சுழன்றார். ஒவ்வொரு வீச்சுக்கும் கொட்டகையே அதிர்ந்தது. தன் கை இவ்வளவு லாகவமாக ஓடி அவனே பார்த்ததில்லை. வேண்டிய இடத்தில் எல்லாம் பிடி இருந்தது. எறிகிற இடத்துக்கெல்லாம் வாத்தியார் போனார். போன இடத்தில் மட்டும் அவர் இருக்கவில்லை.

முதல் ரவுண்டு முடிந்து மூலையில் உட்கார்ந்தபோதுதான் சென்னிமலைக்கு உறைத்தது. இவர் என்னைத் தொடவே இல்லையே?

இரண்டாவது ரவுண்டில் அவன் கெட்ட வேலையில் இறங்கினான். சொல்லவே கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான். வாத்தியாரின் இடது கையைப் பிடித்து, ஒடிந்தாலும் ஒடியட்டும் என்று முறுக்கினான். ஒடிய வேண்டிய கைதான். கை முறுகின வேகத்துக்கு ஆளே காற்றில் ஒரு கரணம் போட்டு மறுபக்கம் காலூன்றி நின்றார். கை பத்திரமாக இருந்தது. பெண்கள் பக்கத்திலிருந்துகூட விசில் வந்தது, பார்த்துக்கொள்ளுங்கள். அத்தனையும் சென்னிமலைக்கு விழுந்த விசில்.

அவனுக்குக் கண் இருட்டிக்கொண்டு கோபம் வந்தது. தலையைக் குனிந்துகொண்டு, முட்டித் தள்ளுவதற்கு மாடு மாதிரி ஓடினான். வாத்தியார் விலகினார். எதிரே இரும்புக் கம்பம் இருந்தது. பார்த்துவிட்டான். நிற்க முடியவில்லை. அவ்வளவுதான், தொலைந்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டான்.

தலை எதிலோ மோதியது. ஆனால் இரும்பில் மோதினது போல இல்லை. மண்டை பிளக்கவில்லை, ஒரு பொட்டு ரத்தம் இல்லை. கம்பத்தில் துணி கிணி சுற்றியிருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டான். நின்று பார்க்கவா நேரம்? திரும்பி மறுபடி பாய்ந்தான்.

மூன்றாவது ரவுண்டில் அவனுக்கு மூச்சு இரைத்தது. கால் தள்ளாடியது. எதிரே வாத்தியாரும் வேர்வையில் குளித்துக்கொண்டு நின்றார். திடீரென்று அவர் இடுப்புப் பக்கம் ஒரு வழி திறந்தது. சென்னிமலையின் உடம்பு அவனைக் கேட்காமலே போயிற்று. இடுப்பில் ஏற்றினான், மல்லாக்கப் போட்டான், மேலே விழுந்து அமுக்கினான். ரெஃப்ரி தரையைத் தட்டி எண்ணினார். மணி அடித்தது.

ஜெயித்துவிட்டான்!

கொட்டகை இரண்டுபட்டது. அந்தச் சத்தத்துக்கு நடுவில், வாத்தியாரின் மேலே கிடந்தபடியே, சென்னிமலைக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. மூணாவது ரவுண்டு. மணி அடிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னால. இடுப்புல ஏத்தி மல்லாக்கப் போட்டு. வேண்டவே வேண்டாம் என்று அவன் உதறிவிட்டு வந்த பேச்சு, ஒரு எழுத்து மாறாமல் நடந்து முடிந்திருந்தது. உயிரைக் கொடுத்து மோதினவன் அவன்தான். ஆனாலும் அதை நடத்தி முடித்தது யார்?

காதோரம் வாத்தியாரின் குரல் மெதுவாகக் கேட்டது. "எந்திரிங்கண்ணே. கையைத் தூக்குங்க. ஊரு பாக்குது."

எழுந்து கையைத் தூக்கினான்.

நாச்சிமுத்து கயிற்றைத் தாண்டி வந்து அவனைக் கட்டிக்கொண்டார். மனுஷன் அழுதார். "நடிப்புன்னு சொன்னவன் வாயில மண்ணு விழ! இந்த மாதிரி ஒரு குஸ்திய நான் பாத்ததே இல்லடா மாப்ள. உன் கண்ணுல தெரிஞ்சுதுடா, அத்தனையும் நெசம்." அப்புறம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "தங்கச்சிகிட்ட சொல்லு. எனக்கு உன்ற ஊட்லதான் சோறு," என்றார்.

மாலையும் தோள் தூக்கலும் முடிந்து சென்னிமலை கொட்டகைக்குப் பின்னால் வருவதற்குப் பொழுது சாய்ந்துவிட்டது. வாத்தியார் சோடாப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். வலது கை பக்கத்திலிருந்த ஐஸ் வாளிக்குள் இருந்தது.

"என்னங்க அது?"

"ஒண்ணுமில்ல அண்ணே."

சென்னிமலை அந்தக் கையை வெளியே எடுத்துப் பார்த்தான். நடு விரலும் மோதிர விரலும் வீங்கி, பார்க்கவே கூடாத பக்கமாகத் திரும்பியிருந்தன. புறங்கை கருநீலமாக இருந்தது. அவன் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். ஒரு சிராய்ப்புகூட இல்லை.

"கம்பத்துல துணி சுத்தியிருந்தாங்கன்னு நெனச்சேனுங்க."

வாத்தியார் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார்.

"என் தலைக்கும் கம்பத்துக்கும் நடுவுல கையை வெச்சீங்களா?"

"அது இரும்புல்லா அண்ணே."

"விட்டிருந்தா அப்பவே நீங்க ஜெயிச்சிருப்பீங்களே!"

"ம்."

"அதுக்கப்புறம் நடந்த குஸ்தி பூரா... இந்தக் கையோடயா?"

"இன்னொரு கை சும்மாத்தான இருந்திச்சு."

சென்னிமலை கழுத்து மாலையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். நாலு தாலுகாவில் யாராலும் உட்கார வைக்க முடியாத உடம்பு அது.

"நான் போயி மச்சான்கிட்டச் சொல்லிர்றேனுங்க."

"என்னன்னு?"

"நான் ஜெயிக்கலைன்னு."

"நீங்க ஒரு பிடியாவது பொய்யாப் போட்டீங்களா அண்ணே?"

"இல்லீங்க."

"அவரு பாத்தது அதைத்தான். அவரு சோத்துல ஏன் மண்ணைப் போடுதீங்க? வீட்டுக்குப் போங்க, காத்திருப்பாக."

சென்னிமலை நகரவில்லை. இத்தனை நாள் அரித்த கேள்வி இப்போது அழுகையாகவும் ஆத்திரமாகவும் சேர்ந்து வந்தது.

"மூணு வருசமாக் கேக்கறேன், டீயக் குடுத்தே ஏமாத்திட்டீங்க. இன்னிக்காச்சும் தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன். உங்க கையை ஒடிக்கப் பாத்தேன், தெரியுமுங்களா? அவ்வளவு நெசமா மோதுனேன். நீங்க ஏனுங்க நெசமா மோதல?"

வாத்தியார் கையை மறுபடி ஐஸுக்குள் விட்டார். வலி அவர் முகத்தில் ஒருமுறை ஓடி நின்றது.

"இத்தனை வருசத்துல இன்னிக்கு மாதிரி நெசமா நான் யாரு கூடயும் மோதினதில்ல, அண்ணே," என்றார்.