மலையைத் தூக்கிய கொக்கி

கிரேன் கொக்கி செய்யும் ஏகாம்பரத்துக்குத் தன் சரக்கின்மேல் அசாத்தியப் பெருமை. அவரிடம் புதிதாகச் சேர்ந்த பொறியாளர் பூங்கோதை, கம்ப்யூட்டரில் அந்தக் கொக்கிக்கு மாதிரி செய்து சுமை ஏற்றிப் பார்த்தாள். அது தாங்கும் என்று அவர் சொன்ன எடையில் பாதிக்கே வளைந்து பிளந்தது.

"உன் கம்ப்யூட்டர்லதான் கோளாறு. எவ்வளவு ஏத்தினாலும் உடையாதபடி மாத்து. இல்லேன்னா வேற வேலை தேடிக்க," என்றார் முதலாளி.

"சரிங்க சார்," என்றவள், கம்ப்யூட்டர் மாதிரியில் இரும்பின் பலத்தை ஆயிரம் மடங்காக்கினாள்.

மறுநாள் கொக்கி வாங்க வந்தவர் முன்னால், திரையில் அது ஒரு மலையையே தூக்கியது. முதலாளி தொந்தியைத் தடவிக்கொண்டார்.

"என்ன இரும்பும்மா இது?" என்று வந்தவர் கேட்டார்.

"சார் சொன்ன இரும்புங்க. எதுக்கும் உடையாது. எங்க கிடைக்கும்னு சாரைத்தான் கேக்கணும்," என்றாள் பணிவாக.

வந்தவர் பேனாவைத் திறந்தார். "அந்த இரும்பு விக்கிற கடை விலாசம் சொல்லுங்க சார்."

"கொக்கியை இன்னும் தடிமனா செஞ்சு தரேங்க," என்று முனகினார் ஏகாம்பரம்.