தண்ணியைத் தயிராக்கின தங்க அன்னம்

ஒரே பிரசவத்துல ரெண்டு இளவரசர்கள்! கனகசேன மகாராஜாவுக்குக் கால் தரையில நிக்கல. ராணியம்மாவுக்கு ரெண்டு பேருக்கும் பால் பத்தல, கொஞ்சம் வெளியிலயும் ஊட்டணும்னு வைத்தியர் சொன்னதுதான் தாமதம். பொக்கிஷதாரர் பூவராகர் ரெண்டு தங்க அன்னம் செஞ்சு கொண்டாந்துட்டார். முதுகுல பாலை ஊத்தினா, வளைஞ்சு நெளிஞ்ச கழுத்து வழியா வந்து அலகுல சொட்டும். இறக்கையில மாணிக்கம். வயித்துல ராஜமுத்திரை, பளபளன்னு ஒரு சூரியன்.

சபையே வாயப் பொளந்துச்சு. எட்டாம் நாள் பிள்ளைங்களுக்கு வயித்தால பிச்சுக்கிச்சு.

"பால் ஊட்டுற வீராயி கைதான் சுத்தமில்ல மகாராஜா"ன்னு பூவராகர் போட்டுக் குடுத்தார். ராஜாவும் விசாரிக்கல. "நாளைக்கு உச்சிவேளைக்குள்ள அவ நாட்டை விட்டுப் போகணும்!"

சபையில விகடம் பண்ற மருதையன் காதுக்கு இது வந்துச்சு. நேரா பிள்ளைங்க இருந்த அறைக்குப் போனான். வீராயி மடியில ஒருத்தன், தோள்ல ஒருத்தன். ரெண்டு பேரும் போட்டி போட்டுக் கத்துறாங்க. நடுவுல அவளும் அழுகுறா.

"வீராயி, இந்த அன்னத்த எப்படிக் கழுவுற?"

"எங்கய்யா கழுவுறது? ராஜமுத்திரை போட்டது அடுப்பேறக் கூடாது, வெந்நீர் படக் கூடாதுன்னு அரண்மனை வழக்கமாச்சே! பூவராகரய்யா வந்து பட்டுத்துணியால மேலாக்கத் தொடச்சுட்டுப் போவாரு. கழுத்துக்குள்ள விரலும் போகல, ஈர்க்குச்சியும் வளையல. சொன்னா, 'தங்கத்துல அழுக்கு சேருமாடி?'ன்னு எரிஞ்சு விழுறாரு."

மருதையன் அலகை மோந்து பாக்கப் போனான். பாதி தூரத்துலயே மூக்கு திரும்பி வந்துடுச்சு.

மறுநாள் சபை. ராஜா ராத்திரி பூரா தூங்காத முகத்தோட உக்காந்திருந்தார். மருதையன் ஒரு அன்னத்தக் கொண்டாந்து அவர் முன்னால வச்சான்.

"மகாராஜா, உங்க சாப்பாட்ட முதல்ல யாரு ருசி பாக்கணும்?"

"கொண்டு வர்றவன். அது சட்டம். எதுக்குக் கேக்குற?"

"இளவரசர்களும் ராஜவம்சம்தானே? இந்த அன்னத்துல வர்றத எட்டு நாளா யாருமே ருசி பாக்கலியே! கொண்டு வந்தவரு நம்ம பூவராகர். பால்கூட வேணாம், வெறும் வெந்நீர் போதும்."

பூவராகர் வயித்தத் தடவிக்கிட்டார். "எனக்கு... இன்னிக்கு விரதம்."

"விரதத்துக்கு வெந்நீர் ரொம்ப நல்லதுங்க!"

"இது வழக்கத்துக்கு விரோதம், வெந்நீரெல்லாம்..."

"அப்ப பச்சத் தண்ணி!"

ஊத்தினாங்க. மருதையன் நல்லா குலுக்கிக் குடுத்தான். பூவராகர் கண்ண இறுக்கி மூடிக்கிட்டு அலகை வாயில வச்சார். முதல்ல ஒண்ணும் வரல. அப்புறம் தொபுக்னு வெள்ளையா ஒரு கட்டி வந்துச்சு. பின்னாலயே புளிச்ச நாத்தம். முன் வரிசையில இருந்த சேனாபதியே மூக்கப் பொத்திக்கிட்டார். பூவராகர் ஜன்னலப் பாத்து ஓடினார்.

"பாலையும் தண்ணியையும் பிரிக்கிற அன்னத்தக் கேள்விப்பட்டிருக்கோம் மகாராஜா. தண்ணிய ஊத்தினா தயிரு குடுக்குற அன்னத்த இப்பத்தான் பாக்குறேன்!"

ராஜா சிரிக்கல. "இதையா என் பிள்ளைங்க குடிச்சாங்க? சரி, வேற எதுல குடுக்குறது?"

மருதையன் மடியிலேருந்து நாலு வெள்ளிப் பாலாடைய எடுத்து வச்சான். அகல வாய், கட்டை மூக்கு. சித்திரம் இல்ல, கல்லு இல்ல. "இதுல மூலை முடுக்கே கிடையாது. விரல விட்டுத் தேய்க்கலாம், கொதிக்க வைக்கலாம். கீழ விழுந்தாலும் உடையாது."

"பிள்ளைங்க ரெண்டு பேர்தானேய்யா? எதுக்கு நாலு?"

"ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துலதான் பசிக்குது. ரெண்டு வாயில இருக்கும்போது ரெண்டு வெந்நீர்ல இருக்கணுமே மகாராஜா!"

அதுக்குள்ள பூவராகர் வாயத் தொடச்சுக்கிட்டுத் திரும்பி வந்துட்டார். "முத்திரை இல்லாத பாத்திரத்துல இளவரசர்கள் குடிக்கிறதா? ஊரு சிரிக்கும்!"

"முத்திரை குத்தினா கொதிக்க வைக்க முடியாதே"ன்னு ராஜா தலையச் சொறிஞ்சார். "எங்க தாத்தா காலத்து வழக்கத்த நான் எப்படி மீறுறது மருதையா? அன்னமே இருக்கட்டும். நல்லா தொடைக்கிறதுக்கு வேற ஆளு பாப்போம்."

உச்சிவேளை நெருங்கிடுச்சு. வீராயி நாட்டை விட்டுப் போகணும்ங்கிற உத்தரவு இன்னும் அப்படியே நிக்குது. அப்பத்தான் கையில துணிமூட்டைக்குப் பதிலா ரெண்டு பிள்ளைங்களோட வீராயி உள்ள வந்தா. "உத்தரவு வாங்கிக்கிறேன் மகாராஜா. அழுதா முதுகத் தடவிக் குடுக்கச் சொல்லுங்க. பெரியவனுக்கு இடது தோள்தான் பிடிக்கும்." சொல்லிட்டு ரெண்டு பேரையும் ராஜா கையிலயே குடுத்துட்டா.

ராஜா உருகிட்டார். இடது கையில ஒண்ணு, வலது கையில ஒண்ணு. "என் செல்லங்களா..."

சுர்ர்ர்ர்.

ரெண்டு பக்கமும். ஒரே நேரத்துல. தங்க ஜரிகையில சூரியன் நெய்த அங்கவஸ்திரம் தொப்பலா நனைஞ்சுபோச்சு.

"அய்யய்யோ! யாரங்கே! இத உடனே வெந்நீர்ல போட்டு அலசுங்கடா!"

மருதையன் தடால்னு கால்ல விழுந்தான். "கூடாது மகாராஜா! ராஜமுத்திரை! வெந்நீர் படலாமா? தாத்தா காலத்து வழக்கம் என்னாகுறது? அப்படியே போத்திக்குங்க. பூவராகர் பட்டுத்துணியால மேலாக்கத் தொடச்சு விடுவாரு!"

ராஜா அங்கவஸ்திரத்தப் பாத்தார். பூவராகரப் பாத்தார். ஒரு தரம் மோந்தும் பாத்தார். அப்புறம் சிரிச்சார் பாருங்க, பிள்ளைங்க ரெண்டும் அழுகைய நிறுத்திட்டு அவரையே பாத்துச்சுங்க.

"ஒழிஞ்சது வழக்கம்! நாலு பாலாடையையும் அடுப்புல ஏத்துங்க. வீராயி, நீ எங்கயும் போகக் கூடாது. ஒனக்குத் துணைக்கு இன்னொரு ஆளும் உண்டு. பூவராகரே, இனிமே கொதிக்க வைக்கிற வேலை உங்களோடது!"

அதே சந்தோஷத்துல மருதையன் பக்கம் திரும்பினார். "மருதையா, என் பிள்ளைங்களக் காப்பாத்தின உனக்கு..."ன்னு, பரிசு குடுக்கும்போது எப்பவும் பண்ற மாதிரி, தோள்ல இருந்த அங்கவஸ்திரத்த உருவிக்கிட்டே கிட்ட வந்தார்.

மருதையன் நாலு எட்டு பின்னால போனான். "மகாராஜா, பரிசு துவைச்சதுக்கப்புறம் குடுத்தாப் போதும்!"